சாக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

"நேரமே கிடைக்கலை." ஆலோசனைக்கு வருபவர்களின் வாயிலிருந்து நான் அதிகம் கேட்பது இதைத்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை. சொல்லும்போது முழுமனதாக நம்புகிறார்கள். அதனால்தான் "சாக்குப்போக்கு சொல்லாதே" என்று அதட்டினால் யாரும் மாறுவதில்லை.

பதவி உயர்வுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர் (விவரங்களை மாற்றியிருக்கிறேன்), படிக்க உட்கார்ந்தாலே வேறு வேலை வந்துவிடுவதாகச் சொன்னார். எழுந்துபோகத் தோன்றும்போதெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னேன்: அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், மனதில் ஓடிய வாக்கியம் என்ன, உடம்பில் என்ன தெரிந்தது. அடுத்த முறை நோட்டைப் புரட்டியபோது அவருக்கே விஷயம் பிடிபட்டது. பாடம் வாசிக்கும்போது மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். மாதிரித் தேர்வைத் திறந்தால்தான் 'நாளைக்குக் காலையில ஃப்ரெஷ்ஷா போடலாம்' வருகிறது, கூடவே வயிற்றைப் பிசைகிறது. நேரம் இருந்தது. மதிப்பெண்ணைப் பார்க்கத்தான் பயம்.

தோற்றால் சொல்ல ஒரு காரணத்தை இப்படி முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்வதை உளவியலில் சுய முடக்கம் என்கிறோம். 1978-இல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு விடையே காண முடியாத கேள்விகளைக் கொடுத்து, "பிரமாதமாகச் செய்தீர்கள்" என்றார்கள். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: ஒன்று திறனைக் கூட்டும், மற்றது குறைக்கும் என்று சொல்லப்பட்டது. எப்படி ஜெயித்தோம் என்றே புரியாத ஆண்களில் பலர் கேட்டது திறனைக் குறைக்கும் மருந்தை! தோற்றால் பழி மருந்தின் மேல் போகும், தன் திறமை மேல் வராது. சாக்குக்கும் இதே வேலைதான்.

ஆனால் எல்லாத் தடையும் சாக்கு அல்ல. பணமில்லாமை, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு போன்றவை நிஜமான காரணங்கள். நான் பார்ப்பது இதைத்தான்: தடை விலகியதும் வேலை தொடங்குகிறதா? விலகிய மறுநாளே புதுத் தடை ஒன்று முளைத்தால், அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் நோட்டு போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சாக்கு வரும் இடம் தெரிந்துவிட்டால், அந்த இடத்துக்கென்றே ஒரு திட்டம் வைத்துக்கொள்ளலாம். 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவெடுப்பது, 'இனி ஒழுங்காகப் படிப்பேன்' என்ற பொதுவான தீர்மானத்தைவிட நன்றாகப் பலன் தருவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் தேர்வர் எழுதியது: "நாளைக்கு என்று தோன்றினால், முதல் 5 கேள்விகளைப் போட்டுவிட்டு எழுந்திருப்பேன்." பெரும்பாலும் ஆறாவது கேள்விக்கும் போனார்.

தவறும் நாட்களும் உண்டு. அன்று தன்னைத் திட்டிக்கொள்வதுதான் பொறுப்புணர்வு என்று பலர் நினைக்கிறார்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். அதனால் தவறிய நாளிலும் நோட்டைத் திறங்கள். நேரத்தையும் மனதில் ஓடிய வாக்கியத்தையும் மட்டும் எழுதுங்கள். வசவு வேண்டாம்.