‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று சொல்ல வைக்கும் திரைகள்

கோலாலம்பூரில் செயலிகளுக்கும் இணையத்தளங்களுக்கும் திரை வடிவமைப்பது என் தொழில். வடிவமைத்ததை வெளியிடுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்ப்போம். “இந்த மாதத் தண்ணீர் பில்லைக் கட்டுங்கள்” என்று ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கவனிப்போம். நம் தமிழ்ப் பெரியவர்களிடம் கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வருகிறது: “எனக்கு இதெல்லாம் வராதும்மா, மகன்தான் செஞ்சு கொடுப்பான்.” சிலர் மன்னிப்புக்கூடக் கேட்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியும் கடை நடத்தியும் பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றியவர்கள், உள்ளங்கை அளவுத் திரை ஒன்றின் முன்னால் தங்களை அறிவு குறைந்தவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலில் இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறில்லை.

அந்த வாக்கியத்தை நாங்கள் பிழைப் பட்டியலில்தான் எழுதுகிறோம், திரையின் பிழையாக. எந்த இடத்தில் சொன்னார், அப்போது கண்முன் என்ன இருந்தது, விரல் எங்கே தயங்கி நின்றது என்று குறித்துக்கொண்டு அந்த இடத்தைத் திருத்துகிறோம். திருத்திய பிறகு அதே மனிதர், அதே கைபேசியில், அதே வேலையை யாருடைய உதவியும் இல்லாமல் முடிக்கிறார்.

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது பெயர் எழுதும் கட்டத்தில். ‘ஐசியில் (மலேசிய அடையாள அட்டையில்) உள்ளபடி முழுப் பெயர்’ என்று படிவம் கேட்கும். நம் ஐசியில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்க ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று சாய்கோட்டோடு அச்சாகியிருக்கும். அதை அப்படியே எழுதினால், ‘சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை’ என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். கேட்டபடி செய்தவருக்குக் கிடைக்கும் பதில் இது. சாய்கோட்டை எடுத்துவிட்டால் படிவம் ஏற்றுக்கொள்ளும். பிறகு வேறொரு இடத்தில், சாய்கோட்டோடு பதிவாகியிருக்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும். குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் வைத்து, அதை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் என்று நிற்கும் படிவங்கள் இன்னொரு வகை. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அதில் போடுவோம். அன்றிலிருந்து மகளுக்கு வரும் கடிதங்களெல்லாம் அப்பாவை விளித்தே தொடங்கும்.

யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. பெயர் என்றால் ஆங்கில எழுத்தும் இடைவெளியும் மட்டும்தான் என்று நிரலில் யாரோ ஒரு விதி எழுதியிருப்பார்கள். எங்கிருந்தோ எடுத்தாண்ட மாதிரியாக இருக்கலாம். சாய்கோடு, மேற்கோள் குறி போன்றவற்றின் வழியாகத் தரவுத்தளத்துக்குள் தீங்கான கட்டளை நுழைந்துவிடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். அந்தப் பயம் நியாயமானதுதான், மருந்து தவறு. பயனர் எழுதும் எதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாகவே கையாளும்படி நிரல் எழுத வழி இருக்கிறது. அதைச் செய்துவிட்டால் சாய்கோட்டால் ஓர் ஆபத்தும் இல்லை. ஐசி எண்ணிலும் இதே கதை. 12 இலக்கங்கள், அட்டையில் ஆறு, இரண்டு, நான்கு என்று கோடு போட்டுப் பிரித்திருக்கும். கோட்டோடு எழுதினாலும் இல்லாமல் எழுதினாலும் ஏற்றுக்கொண்டு, வேண்டாததை நிரலே நீக்கிக்கொள்ளலாம். ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியைச் சோம்பல்பட்டு விட்டதற்கு விலையாக ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பத் திரும்ப எண்ணைத் தட்டுகிறார்கள்.

பிழைச் செய்தி என்று ஒன்று காட்டினால், எந்தக் கட்டத்தில், என்ன தவறு, எப்படித் திருத்துவது என்பதை அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். அதுவரை நிரப்பியதை அழிக்கக் கூடாது. ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லும் திரை, பெரியவர்களை அந்த இடத்திலேயே கைபேசியைக் கீழே வைக்கச் செய்துவிடும்.

இவையெல்லாம் என் சொந்த விருப்பங்கள் இல்லை. டபிள்யூ3சி என்னும் உலகளாவிய இணைய அமைப்பு, இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி ஒன்றை வைத்திருக்கிறது. அதன் 2.0 பதிப்பு 2008இல் வந்தது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில். காண்பதை அல்லது கேட்பதை உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் உடையாமல் இயங்க வேண்டும் என்பவை அதன் நான்கு தூண்கள். நான் மேலே சொன்ன பிழைச் செய்தி விதியும் அதில் உண்டு.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1951இல் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களையும், பார்வையற்றவர்கள் வேலை செய்யும் உடம்புப்பிடி நிலையங்களையும் நாம் தினமும் கடந்து போகிறோம். அவர்கள் கைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரைவாசிப்பான்கள் உள்ளன. விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள, திரையில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டும். வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் அது இயங்கும். பழகியவர்கள் வைத்திருக்கும் வேகத்தில் அந்தக் குரல் நமக்குப் புரியவே புரியாது.

இப்போது ஒரு பணம் செலுத்தும் திரையை நினைத்துப் பாருங்கள். வடிவமைத்தவர் அழகான சின்னங்களை வைத்துவிட்டு அவற்றுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருக்கிறார். திரைவாசிப்பான் என்ன சொல்லும்? “பொத்தான். பொத்தான். பொத்தான்.” ஒன்று பணத்தை அனுப்பும், ஒன்று ரத்து செய்யும், ஒன்று முந்தைய பக்கத்துக்குப் போகும். எது எது என்று தெரியாமல் தன் சம்பளப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படித் தட்டுவார்? நிரலில் ஒவ்வொரு சின்னத்துக்கும் ‘பணம் அனுப்பு’, ‘ரத்து’ என்று ஒரு பெயர் எழுதினால் தீர்ந்தது.

இதில் நம் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் பங்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தைப்பூச ரதம் எந்தச் சாலை வழியாக வருகிறது, கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது என்பதையெல்லாம் வண்ணப் படமாகச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இலவசக் கண் பரிசோதனை முகாமின் அறிவிப்பும் படமாகத்தான் போகிறது. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் கருவிகள் உண்டு என்றாலும், அலங்கார எழுத்துருவில் வளைத்தும் நிழல் போட்டும் எழுதிய தமிழை அவற்றை நம்பி விட முடியாது. படத்துக்குக் கீழே நாள், நேரம், இடம், தொடர்பு எண் நான்கையும் எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள். கண் மங்கியவர்கள் அதைப் பெரிதாக்கிப் படிக்கலாம், படிக்கத் தெரியாதவர்கள் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தமிழ்த் திரைகளுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. நம் எழுத்துகளில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் வருவதால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழ் ஒன்றோடொன்று இடிக்கும். சிறிய அளவில் முதலில் காணாமல் போவது புள்ளி. ஒரே சொல்லில் அடங்கும் ஆங்கிலப் பொத்தானில் தமிழ் அடங்காமல் பாதியில் அறுந்து நிற்கும். பக்கம் தமிழில் இருக்கிறது என்று நிரலில் குறிக்காவிட்டால், திரைவாசிப்பான் அதை ஆங்கிலக் குரலில் உளறும் அல்லது மௌனமாகக் கடந்துவிடும். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடும் பழக்கமும் பரவியிருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. பினாங்குப் படகுத்துறையில் மத்தியான வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கும் இளைஞருக்கும் அந்த வேறுபாடு தேவைப்படும்.

பொத்தானின் அளவு பற்றி ஒரு சொல். 1954இலேயே பால் பிட்ஸ் என்ற உளவியலாளர், குறி சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதை எட்ட அதிக நேரம் ஆகும் என்பதைக் கணக்காக எழுதிக் காட்டிவிட்டார். ஆண்ட்ராய்டு வழிகாட்டி, தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்கிறது. கை நடுக்கம் உள்ளவருக்கு ‘ரத்து’ பொத்தானை ‘அனுப்பு’ பொத்தானோடு ஒட்டி வைப்பது கொடுமை.

நேரக் கெடு இன்னொரு தலைவலி. பணம் அனுப்பும்போது சரிபார்ப்புக்காக வங்கி தரும் ‘டேக்’ என்னும் ஒருமுறை எண்ணைப் பார்த்து, நினைவில் வைத்து, வேறு திரைக்கு வந்து எழுதுவதற்குள் கெடு முடிந்துவிடும். குறுஞ்செய்தியில் அனுப்பும் இத்தகைய எண்களை விட்டுவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளிடம் சொன்னது. மோசடிகள் பெருகிய நிலையில் அது சரியான முடிவு. ஆனால் பாதுகாப்பின் பெயரால் எண்ணை நகலெடுத்து ஒட்டவே விடாமல் தடுப்பதும், எச்சரிக்காமல் வெளியே தள்ளுவதும் தேவையில்லாதவை. அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு, உள்நுழைவதற்கு நினைவாற்றலை மட்டும் நம்ப வைக்கக் கூடாது, ஒட்ட விடுவது போன்ற உதவி இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

சட்டமும் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) தன் 30ஆம் பிரிவில் தகவல், தொடர்பு, தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. 2010இல் மலேசியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது. மீறினால் என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எழுதப்படாததால், பயனர்கள் கேட்டால்தான் நிறுவனங்கள் அசைகின்றன.

செயலி செய்யும் தம்பி தங்கைகள், வெளியிடுவதற்கு முன் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை பணம் அனுப்பிப் பாருங்கள். பிறகு ஐந்து பேரிடம் கொடுங்கள். ஐந்து பேரே பெரும்பாலான சிக்கல்களைக் காட்டிவிடுவார்கள் என்று பயன்பாட்டு எளிமையை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்த ஐவரில் ஒருவராவது கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவராக இருக்கட்டும். அவர் திணறும்போது கை நீட்டிக் காட்டாதீர்கள், அங்கேதான் நீங்கள் தேடி வந்தது கிடைக்கும்.

பயனர்கள் புகார் எழுதும்போது ‘உங்கள் செயலி சரியில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். எந்தத் திரை, என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடந்தது, என்ன கைபேசி, எழுத்தளவைப் பெரிதாக்கியிருந்தீர்களா, திரைவாசிப்பான் ஓடியதா என்று எழுதி, கணக்கு எண்ணை மறைத்துவிட்டுத் திரையின் படத்தையும் இணையுங்கள். அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் எழுதலாம். இவ்வளவு இருந்தால் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரால் அதே பிழையைத் தன் மேசையிலேயே வரவழைத்துப் பார்க்க முடியும். கண்ணால் பார்த்த பிழையைப் பயனர் மேல் தள்ளிவிடுவது எந்த அலுவலகத்திலும் எளிதில்லை.