48 வோல்ட்டை விடுங்கள், ஊதுவதை நிறுத்துங்கள்

நேற்று என் பழுதுபார்க்கும் மேசைக்கு ஒரு ஸ்டீரியோ ரிப்பன் மைக் வந்தது, மெல்லிய உலோக நாடா இரண்டால் ஒலியைப் பிடிக்கும் மைக். இந்த ஆண்டில் இது மூன்றாவது. கொண்டுவந்த தம்பி வாசலிலேயே சொல்லிவிட்டார்: “அண்ணன், மிக்சரிலிருந்து மைக்குக்குப் போகும் 48 வோல்ட்டை நான் போடவே இல்லை.”

திறந்து பார்த்தேன். மேல் நாடா நனைந்த துணிபோலத் தொய்ந்து கிடந்தது.

“வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதித்தீர்கள்?”

“ஊதிப் பார்த்தேன்.”

48 வோல்ட் பட்டாலே ரிப்பன் செத்துவிடும் என்ற கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நல்ல கேபிளில் அந்த மின்னழுத்தம் இரு கம்பிகளிலும் சமமாக ஏறுகிறது. இரு முனையும் சமம் என்றால் மைக்கின் டிரான்ஸ்போமருக்குள் மின்னோட்டம் ஏது? நாடாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கம்பி அறுந்திருந்தாலோ எர்த்தில் தொட்டாலோதான் ஆபத்து. ஐந்து ஊசிப் பிளக்கிலிருந்து இரண்டாகப் பிரியும் ஸ்டீரியோ கேபிளை நீங்களே ஈயம் பற்றவைத்திருந்தால், முதலில் அதைச் சந்தேகியுங்கள். மிகப் பழைய மைக் என்றால் 48ஐ அணைத்தே வையுங்கள். உள்ளே மின்சுற்று உள்ள ரிப்பன்களுக்கோ அது இல்லாமல் சத்தமே வராது. பயந்துபோய் அதைப் போடாமல், “பழுது” என்று கொண்டுவந்தவரும் உண்டு.

நாடா என்பது ஏறத்தாழ 2 மைக்ரோன் தடிப்புள்ள அலுமினியத் தாள். அதற்கு எமன் காற்றுதான். மட்டக்களப்பில் காற்றுக்கா பஞ்சம்? கரண்ட் போனதும் ஜன்னலைத் திறக்கிறோம். கடற்காற்று நேரே மைக்கில் வந்து விழுகிறது. உறைகூடப் போடாமல் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவரை என்னவென்று சொல்வது!

கூத்துப் பதிவு என்றால் மத்தளத்தின் தோலுக்கு நேரே வைக்காதீர்கள். மூன்றடி தள்ளி, சற்றுச் சரித்து வையுங்கள். சத்தம் குறைகிறதே என்று நெருங்க வேண்டாம், மைக் சத்தத்தைப் பெருக்கும் ப்ரீஅம்பைக் கூட்டுங்கள். பிற்பாட்டுக்காரரை முன்னும் பின்னும் நிறுத்தலாம், பக்கவாட்டில் வேண்டாம். அங்கே இரு நாடாக்களும் எதிரெதிராகக் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் தொலைபேசியில் அவை ஒன்றையொன்று அழித்து, அந்தக் குரல்கள் காணாமல் போய்விடும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் உங்களைத்தான் ஏசுவார்.

வேலை முடிந்ததும் உறையைப் போட்டு, நாடா நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். படுக்கப்போட்டால் நாளடைவில் தொய்யும். இரும்புத் தூள் கிடக்கும் மேசைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், உள்ளே இருப்பது காந்தம்.

சோதிக்க வேண்டுமென்றால் இரண்டடி தள்ளி நின்று பேசுங்கள், தம்பிமாரே. மல்டிமீற்றரை வைத்தும் தயவுசெய்து சோதிக்காதீர்கள், அதன் மின்னோட்டம் நாடாவில் பாயும்.