டூல் எழுதும் முன்பே ஸ்டாடிஸ்டிக்ஸ் படியுங்கள்

"மேடம், டேட்டா எல்லாம் எடுத்து முடிச்சுட்டேன். என்ன டெஸ்ட் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

கல்வியியலில் பிஎச்.டி. செய்பவர்களிடமிருந்து இந்த போன் எனக்கு வராத மாதம் இல்லை. டெஸ்ட் என்று அவர்கள் கேட்பது, சேகரித்த எண்களைச் சோதிக்கும் புள்ளியியல் முறையை. இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. பெரும்பாலும் அரசுப் பள்ளியிலோ பி.எட். கல்லூரியிலோ வேலை பார்த்துக்கொண்டு, வீட்டையும் கவனித்துக்கொண்டு, பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்கள். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டுத் தமிழோ வரலாறோ படித்தவர்கள் பலர். கோர்ஸ் ஒர்க்கில் ரிசர்ச் மெத்தடாலஜி தாளை எழுதித் தேறியும் இருப்பார்கள். ஆனால் அந்தத் தாளில் படித்ததற்கும் தன் கையில் இருக்கும் ஆய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

1938இல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் நவீனப் புள்ளியியலின் முன்னோடி ரொனால்ட் ஃபிஷர் இதைத்தான் சொன்னார். சோதனை முடிந்தபிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனை கேட்பதைப் போல. எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பரிசோதனையைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு ஆசிரியையின் ஆய்வைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஏ பிரிவுக்குப் புதிய முறையில் எட்டு வாரம் கணக்கு நடத்தினார். பி பிரிவுக்கு இன்னொரு ஆசிரியர் வழக்கம்போல நடத்தினார். முன்தேர்வு, பின்தேர்வு, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட், பெரிய வித்தியாசம். ரொம்ப சந்தோஷமாக வந்தார். நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். ஏ பிரிவில் யாரைச் சேர்ப்பார்கள்? "ஆங்கில வழிப் பிள்ளைங்க, மேடம்." இரண்டு பிரிவுக்கும் ஒரே ஆசிரியரா? இல்லை. அப்படியானால் மதிப்பெண் கூடியது முறையாலா, ஆசிரியராலா, பயிற்று மொழியாலா, ஏற்கெனவே இருந்த வேறு வித்தியாசத்தாலா? இதைப் பிரித்துச் சொல்ல எந்த டெஸ்டாலும் முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா நாலு பள்ளியில செஞ்சிருப்பேனே" என்றார். எனக்கு இன்னும் மனசு கஷ்டப்படுகிற இடம் அது, ஏனென்றால் அவரால் நிச்சயம் செய்திருக்க முடியும்.

அடுத்தது 384 என்ற மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் தகவல் வாங்குவது என்பது. கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து, ஆய்வுக்குரிய மொத்தப் பேர் பத்து லட்சமானால் 384 பேர் போதும் என்று எடுத்துப் போட்டுவிடுகிறோம். அந்த எண் எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு உரியது. அதாவது மாவட்டத்தில் உள்ள எல்லா மாணவர்களின் பெயரையும் போட்டுக் குலுக்கி எடுத்தால்தான் அது பொருந்தும். நாம் செய்வது வேறு. 13 பள்ளிக்குப் போய், தலைமையாசிரியர் அனுமதித்த ஒரு வகுப்பில் 30 பேரை உட்கார வைத்து, 390 ஆயிற்று என்று எழுதுகிறோம். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்கள், பல நேரம் ஒரே ஊர்க்காரர்கள், அதனால் ஒருவர் பதில் இன்னொருவர் பதிலை ஓரளவு ஒத்திருக்கும். அந்த ஒப்புமையை 0.2 என்று வைத்துக்கொண்டு (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் முழு ஒப்புமை) கணக்குப் போட்டுப் பாருங்கள். 30இல் ஒன்றைக் கழித்து 0.2ஆல் பெருக்கி, அதோடு ஒன்றைக் கூட்டினால் 6.8. 390ஐ 6.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 57. 390 பேரிடம் வாங்கினாலும் உங்களிடம் இருப்பது 57 தனித்தனி ஆட்களுக்குச் சமமான தகவல்தான். ஒரு பள்ளியில் 30 பேருக்குப் பதில் பத்துப் பேராக எடுத்து, பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே நிலைமை நன்றாக மாறும். ஆனால் அதைப் பள்ளிகளுக்குப் போகும் முன்பு தெரிந்திருக்க வேண்டும்.

டூல் விஷயத்துக்கு வருவோம், அதாவது தகவல் வாங்கப் பயன்படுத்தும் கேள்விப் பட்டியல் அல்லது அளவுகோல். ஆங்கிலத்தில் இருக்கும் அளவுகோலைத் தமிழாக்கிப் பயன்படுத்துவது தவறில்லை. ஆனால் மூல டூலின் நம்பகத்தன்மை எண்ணை அப்படியே தூக்கித் தன் ஆய்வேட்டில் போடுவது தவறு. "கணக்கு வகுப்பில் நான் பதற்றம் அடைவதில்லை" என்ற வரிக்கு "உடன்படவில்லை" என்று டிக் செய்வதற்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளை குழம்பிவிடும். முப்பது பிள்ளைகளிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அப்புறம் எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்ப மறக்காதீர்கள். ஐந்து புள்ளி அளவுகோல் என்றால் ஆறிலிருந்து கழிக்க வேண்டும், 5 என்பது 1 ஆகும். நம்பகத்தன்மை எண்ணான ஆல்ஃபா படுமோசமாக வந்து அழாத குறையாக என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை இது ஒன்றுதான்.

இன்னொன்று, கருதுகோள்களின் எண்ணிக்கை. பாலினம், ஊர், பள்ளி வகை, பயிற்று மொழி, பெற்றோர் படிப்பு என்று எட்டு மாறிகள், டூலில் ஆறு பரிமாணங்கள், ஆக 48 இன்மைக் கருதுகோள்கள், அதாவது "வித்தியாசம் இல்லை" என்ற கூற்றுகள். உண்மையில் எங்குமே வித்தியாசம் இல்லாவிட்டாலும், நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தவறாகக் காட்டும் 5 சதவீத மட்டத்தில், சராசரியாக இரண்டு மூன்று இடத்தில் வித்தியாசம் இருப்பதாக வரும். அந்த இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு ஐந்தாம் அத்தியாயத்தில் அரசுக்குப் பரிந்துரை எழுதுகிறோம். யோசித்துப் பாருங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று எழுதியதும் படிப்பவர் பெரிய வேறுபாடு என்றே நினைத்துக்கொள்கிறார், பல சமயம் எழுதியவரும்தான். 300 ஆண்கள், 300 பெண்கள், திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 12, சராசரியில் வித்தியாசம் வெறும் 2 மதிப்பெண் என்று வையுங்கள். டி மதிப்பு 2.04 வரும், 5 சதவீத மட்டத்தைத் தாண்டிவிடும். ஆனால் 2ஐ 12ஆல் வகுத்தால் 0.17. புள்ளியியலாளர் கோஹன் சிறிய விளைவு என்று சொன்ன 0.2ஐக்கூட அது எட்டவில்லை. பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) வித்தியாசத்தின் அளவைச் சொல்வதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. அதேபோல "இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது" என்று எழுதாதீர்கள். மறுக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சாட்சி இல்லாமல் விடுதலை ஆனவரை நிரபராதி என்று நாம் நிரூபித்துவிட்டதாக ஆகாது அல்லவா, அது மாதிரி.

சரி, எப்படிப் படிப்பது? புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடும். உங்கள் வகுப்பில் 30 பிள்ளைகளின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணை எடுத்து, திட்ட விலக்கத்தை ஒரே ஒரு முறை கையால் போடுங்கள். பிறகு ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அது இலவசம், தமிழ் ஆசிரியர் ஒருவர் ஒரு சனிக்கிழமையில் பழகிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். எண்களுக்கு முன் படத்தைப் பாருங்கள், 100க்கு 1000 என்று டைப் ஆனது படத்தில் உடனே தெரியும். பணம் கொடுத்து அனாலிசிஸ் வாங்காதீர்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் பதில் சொல்லப் போவது நீங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், டூலில் ஒரு கேள்வியையும் எழுதுவதற்கு முன், முடிவுகளைத் தரும் நான்காம் அத்தியாயத்தின் அட்டவணைகளை எண்களே இல்லாமல் வெறுமையாக வரையச் சொல்கிறேன். எந்தக் கேள்வி எந்தக் கட்டத்தை நிரப்பும் என்று பென்சிலால் எழுத வேண்டும். இந்த வருடம் சேர்ந்த ஒருவர் அப்படித்தான் ஆரம்பித்தார். போன வாரம் போன் செய்தார்: "மேடம், அப்பா வருமானம் கேக்குற கேள்விக்கு எந்த டேபிள்லயும் இடமே இல்ல. எடுத்துட்டேன். ஆனா பள்ளி எண்ணிக்கையை ஆறுல இருந்து பதினெட்டு ஆக்கலாம்னு இருக்கேன், லீவு கிடைக்குமான்னுதான் பாக்கணும்."