உள்ளுணர்வு, இயல்பூக்கம், பட்டறிவு: குடலை விட்டுவிடுங்கள்

‘தொழிலில் முடிவெடுக்கும்போது உங்கள் குடல் உணர்வை நம்புங்கள்.’ தொழில் ஆலோசனைக் கட்டுரை ஒன்றில் நேற்று இந்த வரி மறுபடியும் கண்ணில் பட்டது. இயந்திர மொழிபெயர்ப்பின் கோளாறு என்று இத்தனை நாள் விட்டுவைத்திருந்தேன். இப்போது மனிதர்களே இப்படி எழுதுகிறார்கள், பேசவும் செய்கிறார்கள். இனிச் சும்மா இருப்பதற்கில்லை.

மூலச் சொற்களை முதலில் முடித்துவிடுவோம். ‘இன்ஸ்டிங்க்ட்’ இலத்தீன் வழி வந்தது. குத்தித் தூண்டுதல் என்பது அதன் அடிப்பொருள், மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதுபோல. ‘இன்டியூஷன்’ என்பதும் இலத்தீன்தான், உற்று நோக்குதல் என்று பொருள். ‘கட் ஃபீலிங்’ ஆங்கிலப் பேச்சுவழக்கு, ‘கட்’ என்றால் குடல். முதல் சொல்லுக்கு இயல்பூக்கம் என்றும் இரண்டாவதற்கு உள்ளுணர்வு என்றும் தமிழில் ஏற்கெனவே வழங்குகிறோம். மூன்றாவதற்குத்தான் இந்தக் குடல்.

ஆங்கிலேயர் துணிச்சலையும் தீர்மானத்தையும் வயிற்றுக்குள் வைத்தார்கள். அது அவர்கள் பாடு. தமிழில் வயிற்றுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. பொறாமை வந்தால் வயிறு எரியும். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், அடிவயிறு கலங்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். இதில் எங்காவது நிதானமான தீர்ப்பு இருக்கிறதா? ‘என் குடல் சொல்கிறது, இந்த ஒப்பந்தம் வேண்டாம்’ என்பவரிடம் முதலில் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். நமக்குச் சொல்வது மனசு, உள்மனசு. ‘மனசுக்குச் சரியாகப் படவில்லை’ என்று சொல்லாத தமிழர் உண்டா?

குடலிலும் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன, எனவே இது அறிவியல்படி சரி என்று வாதிடுவோர் உண்டு. உள்ளன, மறுக்கவில்லை. அவை கவனிப்பது செரிமானத்தை. கூட்டாளியின் நேர்மையை எடைபோடுவது அவற்றின் வேலை இல்லை. புதிய படிமங்களால் மொழி வளரும் என்பது இன்னொரு வாதம். வளரட்டும், ஆனால் படிமம் என்றால் கேட்டவுடன் ஒரு படம் எழ வேண்டும். இதைக் கேட்டால் எனக்கு எழுவது ஸ்கேன் படம்.

எதிர்முனையில் தூய்மையாளர்கள். அவர்கள் ‘வணிக இயல்பூக்கம்’ என்கிறார்கள். சொல் நல்ல தமிழ், தார்க்குச்சிப் பொருளுக்கும் பொருத்தம். ஆனால் அது உயிரியலின் சொல். தூக்கணாங்குருவி கூடு பின்னுவதும் மீன்குஞ்சு நீந்துவதும் இயல்பூக்கம். யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விலை பேசத் தெரிந்து யாராவது பிறந்திருக்கிறார்களா? நேற்றுத் தொழில் தொடங்கியவரிடம் ‘உன் இயல்பூக்கத்தை நம்பு’ என்றால், அது தன்னிடம் பிறவியிலேயே இருப்பதாக நினைத்துக் கைமுதலை இழப்பார். குடலாவது சிரிப்போடு போய்விடும், இந்தத் தவறு காசைத் தின்னும்.

உள்ளுணர்வு இவற்றைவிட மேல். ‘உணர்வு’ என்றால் வெறும் உணர்ச்சி என்று பலரும் மயங்குகிறார்கள். ‘கற்றுணர்ந்தவர்’ என்கிறோமே, அங்கே உணர்தல் அறிந்து தெளிதல் அல்லவா? அந்தப் பொருளில் வழங்கினால் எனக்கு மறுப்பில்லை.

ஆனாலும் என் வாக்கு பட்டறிவுக்கே. ஒருவருக்கு ஒன்று ‘படுகிறது’ என்கிறோம். பட்டு அறிந்ததைப் ‘பட்டறிவு’ என்கிறோம். இரண்டிலும் ‘படு’ என்ற ஒரே வேர். பல முறை பட்டவருக்கு ஒரு நொடியில் படுகிறது. உளவியல் வெகு காலம் கழித்து வந்து சேர்ந்த இடமும் இதுதான். 1973இல் உளவியலாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க வல்லுநர் ஒருவரிடமும் அவரைவிடத் திறன் குறைந்தவர்களிடமும் ஆட்டப் பலகையைச் சில நொடிகள் மட்டும் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலை என்றால் வல்லுநர் காய்களைப் பெரும்பாலும் பிசகாமல் திருப்பி வைத்தார். கண்டபடி கலைத்து வைத்த பலகை என்றால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. உள்ளுணர்வு என்பது முன்பு கண்டதை அடையாளம் காண்பதுதான் என்று சைமன் பின்னாளில் எழுதினார். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் இதற்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள்: துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதை நெடுநாள் பழகித் தவறுகளைத் திருத்திக்கொள்ள வாய்ப்பும் கிடைத்திருக்க வேண்டும். ‘பட்டறிவு’ என்ற சொல்லுக்குள் இந்த இரண்டாவது நிபந்தனை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ‘குடல் உணர்வு’ அதைச் சொல்லுமா?

இதே கட்டுரைகளில் ‘இன்ஃபர்மேஷன் ஓவர்லோட்’ என்பதன் நேர்பெயர்ப்பாகத் ‘தகவல் அதிகச்சுமை’யும் வரும். இது லாரிக்கான சொல். 1970களில் அமெரிக்க எழுத்தாளர் ஆல்வின் டாஃப்லர் வழியே பரவிய கருத்து. தகவல் பெருகினால் கவனம் வறளும் என்று 1971இலேயே சைமன் சொல்லிவிட்டார். பத்து அறிக்கைகளைப் படித்துவிட்டு ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருப்பவர் படும் அவதியைத் ‘தகவல் திகட்டல்’ என்றால் ஆகாதா? திகட்டுவது எப்போதும் மனிதருக்குத்தான்.

அடுத்த வரியிலேயே, எளிமையாக முடிவெடுக்க ‘கட்டைவிரல் விதி’ ஒன்றைப் பின்பற்றச் சொல்வார்கள். ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்பதை அப்படியே பெயர்த்தது. கட்டைவிரல் என்றதும் தமிழருக்கு ஏகலைவன் நினைவு வரும், இல்லையென்றால் கைநாட்டு. மனக்கணக்கு, குத்துமதிப்பு, கண்மதிப்பு என்று மொழிக்குள் இத்தனை சொற்கள் இருக்க, அகராதியை ஒரு முறையேனும் புரட்டக் கூடாதா? முதலீட்டைப் பிரிப்பதற்கான கணிதத்தை வகுத்து 1990இல் நோபல் பரிசு பெற்ற ஹாரி மார்க்கோவிட்ஸ், தன் ஓய்வுக்காலச் சேமிப்பு என்று வந்தபோது அந்தக் கணிதத்தைத் தொடவில்லை. பங்குகளில் பாதி, கடன்பத்திரங்களில் பாதி. சுத்தமான மனக்கணக்கு. இதில் கட்டைவிரல் எங்கே வந்தது?