பேசிக்கில் ஒரு மில்லி விநாடி காத்திருப்பது எப்படி?

பேசிக் என்ற நிரல் மொழி பழகியவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் டிலே (தாமதம்), உள்ளே ஒன்றுமே இல்லாமல் சும்மா எண்ணிக்கொண்டே போகும் ஒரு ஃபார்-நெக்ஸ்ட் லூப். 1000 வரை எண்ணி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவுதான் தாமதம். எழுதிய கணினியில் இது நன்றாகவே ஓடும். ஆனால் 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் பிசியில் திரையில் நிதானமாக நகர்ந்த பந்து, பின்னால் வந்த வேகமான 486 ப்ராசசரில் கண்ணில் படாமலே பறந்துவிடும். அந்த லூப் அளப்பது ப்ராசசரின் வேகத்தை, நேரத்தை அல்ல. எண்ணும் மாறியை ஐ என்பதிலிருந்து ஐ% (முழு எண் மட்டும் வைக்கும் மாறி) என்று மாற்றினால்கூட தாமதம் மாறிவிடும்.

ஆகவே கடிகாரத்தைத்தான் கேட்க வேண்டும். பிசியின் டாஸில் ஓடும் பேசிக்கான கியூபேசிக்கில் டைமர் என்று எழுதினால், நள்ளிரவு தொட்டுக் கழிந்த விநாடிகள் தசமத்தோடு கிடைக்கும். அந்தத் தசமத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தக் கால பிசியில் நேரம் எண்ணும் இன்டெல் 8253 சிப் விநாடிக்கு 11,93,182 முறை எண்ணுகிறது. 65,536 எண்ணினால் ஒரு டிக். அதாவது விநாடிக்கு 18.2 டிக், டிக்குக்கு ஏறத்தாழ 55 மில்லி விநாடி. டிக் விழும்போதுதான் டைமரின் மதிப்பு மாறும். (அந்த வினோதமான எண்ணுக்குக் காரணம், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியை ஒட்டித் தேர்ந்தெடுத்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம். அதை மூன்றால் வகுத்தால் ப்ராசசரின் வேகம், பன்னிரண்டால் வகுத்தால் இந்தச் சிப்பின் வேகம்.)

100 மில்லி விநாடி காத்திருக்கச் சொன்னால், இரண்டாவது டிக்கில் லூப் முடியும். ஆனால் ஒரு டிக்கின் தொடக்கத்தில் நுழைந்தோமா, முடியும் தறுவாயில் நுழைந்தோமா என்பது தெரியாது. அதனால் கிடைப்பது 55-க்கும் 110-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். டைமர் மதிப்பு ஒருமுறை மாறும்வரை நின்று, மாறிய கணத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் இந்தத் தடுமாற்றம் போய்விடும். இன்னொன்று: நள்ளிரவில் டைமர் 86,400-ஐத் தொடாமல் 0-க்குத் திரும்பும். அதைக் கவனிக்காத லூப் முடியவே முடியாது.

மற்ற கணினிகள் இதில் கொஞ்சம் தாராளம். பிபிசி மைக்ரோவின் பேசிக்கில் உள்ள டைம் என்ற மாறி நூறில் ஒரு விநாடி வரை சொல்லும். கமடோர் 64-இல் அதே வேலையைச் செய்யும் டிஐ அறுபதில் ஒரு விநாடி.

பிசியில் இதைவிட நுட்பம் வேண்டுமென்றால் சிப்பிடமே போக வேண்டும். வழக்கமான அமைப்பில் அது ஒரு டிக்குக்குள் இரண்டிரண்டாகக் குறைத்து இருமுறை இறங்குவதால், படித்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிப்பின் போர்ட்டுக்கு (தரவு போய்வரும் வாசலுக்கு) ஒரு எண்ணை அனுப்பும் கட்டளை அவுட். முதலில் அவுட் 67, 52 என்றும், பிறகு அவுட் 64, 0 என்று இருமுறையும் கொடுத்தால் ஒன்றொன்றாக எண்ணும். டிக் வேகம் மாறாது. அதன்பின் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அவுட் 67, 0 கொடுத்து எண்ணை நிறுத்திப் பிடித்து, 64-ஆம் போர்ட்டை இருமுறை படிக்க வேண்டும். முதலில் வருவது எண்ணின் கீழ்ப் பாதியான கீழ் பைட், அடுத்தது மேல் பாதியான மேல் பைட். மேல் பைட்டை 256& (& என்றால் நீண்ட முழு எண்) என்று எழுதிப் பெருக்கி, கீழ் பைட்டைக் கூட்டுங்கள். வெறும் 256 என்றால் 32,767-ஐத் தாண்டியதும் ஓவர்ஃப்ளோ (எண் கொள்ளாத) பிழை வந்து நிரல் நின்றுவிடும்.

ஒரு எண்ணிக்கை 0.84 மைக்ரோ விநாடி. 1193 குறைந்தால் ஒரு மில்லி விநாடி. எண் இறங்குவதால், தொடக்க மதிப்பிலிருந்து இப்போதைய மதிப்பைக் கழியுங்கள். விடை எதிர்மறையானால் 65,536 கூட்டுங்கள். ஒரு சுற்றைவிட (55 மில்லி விநாடி) நீண்ட தாமதத்துக்கு, பெரும்பகுதியை டைமரிடம் விட்டு மிச்சத்தை மட்டும் இப்படி அளக்கலாம். நிரலை வரிவரியாகப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டர் ஒவ்வொரு வரிக்கும் எடுத்துக்கொள்ளும் நேரமும் இதில் சேரும். அதனால் காத்திருக்காமலே இருமுறை படித்து, வரும் வித்தியாசத்தை முன்கூட்டியே கழித்துவிடுங்கள். ஒரு மில்லி விநாடிக்கும் கீழே போக வேண்டுமானால், குவிக்பேசிக்கில் கம்பைல் செய்து (முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி) ஓட்டுவதே நல்லது.