ஒரே ஆள், நான்கு நிறுவனங்கள்: சிஆர்எம் மென்பொருள் எப்படி நினைவில் வைக்கிறது?

கணக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வாடிக்கையாளர்களான மூன்று நூற்பாலைகளுக்கும் ஆடிட்டர் ஒருவரே. அவர் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இயக்குநராகவும் இருக்கிறார். வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் சிஆர்எம் மென்பொருளில் அவரை எந்த நிறுவனத்தின் கீழ்ப் பதிவது?

எளிய சிஆர்எம்களில் ஒருவரின் பெயர், கைப்பேசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘நிறுவனம்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். எனவே விற்பனையாளர் அதே ஆடிட்டரை நான்கு முறை பதிந்துவிடுவார். அன்றைய வேலை முடிந்துவிடும். தொல்லை பிறகுதான் தொடங்கும். அவர் கைப்பேசி எண்ணை மாற்றினால் ஒரு பதிவு திருத்தப்படும், மற்ற மூன்றும் பழைய எண்ணோடு கிடக்கும். ‘இனி விளம்பரம் அனுப்பாதீர்கள்’ என்று அவர் கேட்டுக்கொண்ட பிறகும் மற்ற மூன்று பதிவுகளின் வழியே விளம்பரம் வந்துகொண்டிருக்கும். இதை வெறும் அசௌகரியமாக நான் கருதவில்லை. தன் விவரங்களை அழிக்கக் கோரும் உரிமை, இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நான்கு பிரதிகளில் ஒன்றை மட்டும் அழித்தால் அந்த உரிமைக்கு என்ன பொருள்?

‘நிறுவனம் 2’, ‘நிறுவனம் 3’ என்று கட்டங்களைக் கூட்டுவதும் உதவாது. ஐந்தாவது நிறுவனம் வந்ததும் அது முறிந்துவிடும்.

இதற்கான விடை அரை நூற்றாண்டுப் பழையது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970இல் முன்வைத்தார். 1976இல் கணினி அறிஞர் பீட்டர் சென் அதற்கு மேல் ஒரு தெளிவைச் சேர்த்தார். ஓர் ஊழியர் ஒரு திட்டப்பணிக்குத் தன் நேரத்தில் எத்தனை சதவீதம் ஒதுக்குகிறார் என்ற தகவல் யாருடையது? ஊழியருடையது அல்ல, திட்டத்துடையதும் அல்ல. இரண்டுக்கும் இடையிலான உறவின் பண்பு அது என்றார். அதாவது உறவுக்கும் தனி விவரங்கள் உண்டு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கருத்து இதுதான்.

எனவே அட்டவணைகள் மூன்று வேண்டும். நபர்களுக்கு ஒன்று, நிறுவனங்களுக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க ஒன்று. ஆடிட்டர் நபர் அட்டவணையில் ஒரே முறைதான் வருவார். இணைப்பு அட்டவணையில் அவருக்கு நான்கு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் அவருடைய அடையாள எண், நிறுவனத்தின் அடையாள எண், அங்கே அவர் வகிக்கும் பொறுப்பு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி. அலுவலக மின்னஞ்சலும் இங்கேதான் இருக்க வேண்டும். வேலையை விட்டால் அந்த முகவரியும் போய்விடுகிறதே. சொந்தக் கைப்பேசி எண் மட்டும் நபரோடு இருக்கட்டும். சேல்ஸ்போர்ஸ், சிவிசிஆர்எம் ஆகிய சிஆர்எம் மென்பொருள்களில் இத்தகைய உறவுப் பதிவுகள் தேதிகளோடு உண்டு.

இந்திய நிறுவனச் சட்டமும் இதே தர்க்கத்தில்தான் இயங்குகிறது. ஒருவர் அதிகபட்சம் 20 நிறுவனங்களில் இயக்குநராக இருக்கலாம் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அவருக்கான இயக்குநர் அடையாள எண் ஒன்றுதான். இரண்டாவது எண் பெறச் சட்டம் இடம் தரவில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து அவர் விலகினால் அந்த எண் மறைவதில்லை, அந்த நியமனம்தான் முடிவுக்கு வருகிறது. சிஆர்எம்மிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். இணைப்பு அட்டவணையில் உள்ள உறவு வரியை அழிக்காமல், முடிந்த தேதியை இடுங்கள். முன்பு அந்த ஆலைக்காகப் பேரம் பேசியவர் யார் என்று அடுத்த ஆண்டு கேள்வி எழும்.

கடினமான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. ஆடிட்டர் தொலைபேசியில் பேசினால், அந்த அழைப்பை எந்த நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது? பல மென்பொருள்கள் ஒரு நிறுவனத்தை ‘முதன்மை’ என்று குறித்துவைத்துக் குழப்பத்தைத் தவிர்க்கப் பார்க்கின்றன. ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம்முக்கு மின்னஞ்சலில் ‘@’ குறிக்குப் பின்வரும் பெயரை வைத்தே நிறுவனத்தை இணைக்கத் தெரியும். ஆடிட்டர் எல்லா வேலைகளுக்கும் தன் ஜிமெயில் முகவரியையே பயன்படுத்தினால் அந்த உத்தி செல்லாது. முதன்மை நிறுவனத்தின் பெயரில் எல்லாவற்றையும் தானாகக் கொட்டுவதைவிட, எந்த ஆர்டரைப் பற்றிய பேச்சோ அந்த ஆர்டரோடு அழைப்பை இணைப்பதே சரி என்பேன். ஆர்டருக்கு நிறுவனம் ஏற்கெனவே தெரியும்.

பழைய பதிவுகளை ஒன்றாக்கும்போது வரிசை முக்கியம். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. கைப்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ ஒப்பிட்டு, ஒரே ஆள்தான் என்று மனிதர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பழைய பதிவிலும் உள்ள நிறுவனத்தை முதலில் உறவு வரியாக மாற்றிவிட்டு, கடைசியில்தான் உபரிப் பதிவுகளை நீக்க வேண்டும். முதலிலேயே நீக்கினால் அவற்றோடு அந்த மூன்று நிறுவனத் தொடர்புகளும் போய்விடும்.