கன்டெய்னர் தனித்தனி, டிஸ்க் ஒண்ணுதான்

சிங்கப்பூர்ல சர்வர் வைக்க இடமும் கரண்ட்டும் விலை ஜாஸ்தி, 2019லேர்ந்து சில வருஷம் புது டேட்டா சென்டருக்கு அனுமதியே நிறுத்தி வச்சிருந்தாங்க, அதனால இங்க ஒரு மெஷின்ல எத்தனை கன்டெய்னர் (ஒரு ப்ரோக்ராமை அதுக்கு வேண்டியதோட தனியா அடைச்சு ஓட்டுற பெட்டி) தாங்குமோ அத்தனையும் ஏத்திடுறாங்க. அதுல தப்பில்ல. ஆனா ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும்னு நம்பிடுறாங்க, எனக்கு கவலை அங்கதான். ப்ராசஸ் தனி, நெட்வொர்க் தனி, சரி. ஃபைல் வர்ற இடம் தனி இல்லையே.

கன்டெய்னர் ஓட்டுற மென்பொருளான டாக்கர்ல பெரும்பாலும் ஓடுறது ஓவர்லேஎஃப்எஸ், அதாவது ஃபைல் லேயர்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒண்ணா காட்டுற ஃபைல் சிஸ்டம், 2014 டிசம்பர்ல லினக்ஸ் கெர்னல் 3.18ல சேர்ந்தது. கீழ இருக்கிற லேயர் படிக்க மட்டும், அதே இமேஜ்லேர்ந்து (கன்டெய்னர் எழுப்ப வச்சிருக்கிற ரெடிமேட் ஃபைல் தொகுப்பு) வந்த எல்லா கன்டெய்னருக்கும் பொது. எழுதுறது மட்டும் அவங்கவங்க மேல் லேயருக்கு போகும். எச்டிபி (அரசு அடுக்குமாடி) புளோக் மொட்டை மாடி தண்ணி டேங்க் மாதிரி, டேங்க் கெட்டா எல்லா வீட்டுக் குழாயிலயும் அதே தண்ணிதான்.

ஒரு கஸ்டமர் இடத்துல பாத்தேன். புது இமேஜ் இறக்கின கையோட மெஷின் கரண்ட் போய் விழுந்துச்சு. திரும்ப ஏத்தினா அந்த இமேஜ்ல எழுப்புற எல்லா கன்டெய்னரும் சாவுது, உள்ள போய் பாத்தா லைப்ரரி ஃபைல் சிலது சைஸ் பூஜ்யம். எழுதினது மெமரியிலயே இருந்திருக்கு, டிஸ்க்குல இறங்கல. பசங்க ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருக்காங்க, மறுபடி புல் பண்ணா (இமேஜை இறக்கச் சொன்னா) "ஏற்கனவே இருக்கு"ன்னு வருது, ஏன்னா செக்சம் (ஃபைல் கெடலையான்னு காட்டுற எண்) பாக்குறது இறக்கும்போது மட்டும்தான், அப்புறம் கன்டெய்னர் எழும்பும்போது யாரும் திரும்ப பாக்குறதில்ல. அந்த இமேஜை அழிச்சுட்டு புதுசா இறக்கினதும்தான் சரியாச்சு. பேங்க் சிஸ்டம்னா முக்கியமான சேவை 12 மாசத்துல மொத்தமா 4 மணி நேரத்துக்கு மேல திட்டமில்லாம நிக்கக்கூடாதுன்னு எம்ஏஎஸ் (சிங்கப்பூர் மத்திய வங்கி) விதியே இருக்கு, அதுல பாதி நேரத்தை வெறும் ரீஸ்டார்ட்லயே தொலைக்க முடியுமா சொல்லுங்க.

டேட்டாபேஸை வால்யூம் (கன்டெய்னருக்கு வெளிய டேட்டா வைக்கிற இடம்) போடாம கன்டெய்னருக்குள்ளயே ஓட்டுறவங்களும் இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். கீழ் லேயர்ல இருக்கிற ஃபைல்ல ஒரு பைட் மாத்தினாலும் சாதாரணமா முழு ஃபைலும் மேல காப்பி ஆகும், பல ஜிபி ஃபைல்னா முதல் எழுத்துலயே தெரிஞ்சுடும். இன்னொண்ணு, ஒரு ப்ராசஸ் படிக்கத் திறந்து வச்சிருக்கு, பின்னாடி வேற ஒண்ணு அதே ஃபைலை எழுதத் திறக்குதுன்னா முதல்ல திறந்தது பழசையே படிச்சுட்டு இருக்கும். சாதாரண டிஸ்க்ல இப்படி நடக்காது, அதனால கோட் எழுதினவங்க இதை எதிர்பார்த்திருக்கவே மாட்டாங்க. கன்டெய்னரை அழிச்சா மேல் லேயரும் அதோட போயிடும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

இடம் விஷயமும் அப்படித்தான். நீங்களா கோட்டா (இட வரம்பு) போடலன்னா ஒரே கன்டெய்னர் மொத்த டிஸ்க்கையும் தின்னுடும், டாக்கரோட வழக்கமான ஜேசன் லாக் (ப்ரோக்ராம் சொல்றதை எழுதி வைக்கிற பதிவு ஃபைல்) சுழற்சி இல்லாமதான், அதாவது பழசை அழிக்காமதான் வருது, அதுவே போதும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்ல ப்ராஜெக்ட் கோட்டாவோட மவுண்ட் பண்ணா ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அளவு வைக்கலாம், ஆனா அதை மெஷின் கட்டும்போதே முடிவு பண்ணணும். டிஎஃப் (டிஸ்க் இடம் காட்டுற கமாண்ட்) பாத்தா இடம் இருக்கு, ஆனா இடமில்லைன்னு எரர் வருதுன்னா ஐநோடைப் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேண்டிய பதிவு) பாருங்க, சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருக்கிற இமேஜ்ங்க ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம்ல அதைத்தான் முதல்ல காலி பண்ணும், ஃபைல் சிஸ்டத்தையே பெருசாக்காம ஃபார்மேட் பண்ணும்போது குடுத்த எண்ணிக்கையை பின்னாடி கூட்டவும் முடியாது. அலர்ட் வைக்கும்போது ஜிபியோட சேத்து ஐநோடுக்கும் ஒண்ணு வைங்க, டாக்கர் தன் ஃபைலை வைக்கிற /var/lib/docker இருக்கிற பார்ட்டிஷனை ரூட்லேர்ந்து (சிஸ்டத்தோட முக்கிய பார்ட்டிஷன்) பிரிச்சே வைங்க.